பாக்கியத்துக்கு இறைத்த தண்ணீர்

மே 8, வியாழன்

விடியற்காலையிலிருந்து மழை. அம்பிட்டிய இறக்கத்தில் மரம் விழுந்து பஸ் நின்றுவிட்டது. இறங்கி நடந்தேன். இடது செருப்பின் வார் அறுந்தது. தையல் கடைக்கு அரை மணி நேரம் பிந்தி. முதலாளி நோனா ஏசவில்லை. மணிக்கூட்டைப் பார்த்தாள், பிறகு என் காலைப் பார்த்தாள்.

வெசாக் பண்டிகை வருவதால் ஜன்னல் கேட்டன் ஓடர் அதிகம். இன்று பதினொரு கேட்டனுக்கு ஓரம் தைத்தேன். எல்லாம் வெள்ளை. கண் கூசியது.

அப்பா பிலிமத்தலாவைக் கடையிலிருந்து நேரத்தோடு வந்தார். சீமெந்துத் தூசியைக் கழுவாமலே கதிரையில் உட்கார்ந்தார்.

"ஞாயித்துக்கிழம திருகோணமலைக்குப் போறோம் பாப்பா. அத்தை வீட்டுல தங்கி, திங்கக்கிழம கோணேசர் கோயில்."

நான் கடல் பார்த்ததில்லை. சந்தோஷமாக இருந்தது. தேத்தண்ணி ஊற்றி முடிக்கும் வரைக்கும்.

"திங்கக்கிழம சித்திரப் பௌர்ணமி. அம்மாவுக்குச் செய்ய வேண்டியதச் செஞ்சிட்டு வந்திருவோம்."

என்ன செய்ய வேண்டியது என்று கேட்கவில்லை. தெரியும்.

பக்கத்து வீட்டுக்கு அப்பா சொன்னது: "யாத்திரை போறோம்." அவர்கள்: "நல்ல விஷயம், எங்களுக்கும் சேத்துக் கும்பிடுங்க."

மே 9, வெள்ளி

தூறல். ஒன்பது கேட்டன்.

நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன். நாளைக்கு யாராவது மாற்றிச் சொன்னால் எனக்கே குழம்பிவிடும்.

– அம்மா குவைத் போனபோது எனக்கு ஒன்பது வயது. வீட்டு வேலை.
– ஒவ்வொரு வெள்ளியும் போன். முதலில் என்னிடம்தான் பேசுவாள்.
– எனக்குப் பதின்மூன்று வயதில் ஒரு வெள்ளி போன் வரவில்லை. அதற்குப் பிறகு வரவே இல்லை. நான்கு வருடம்.
– அடுத்த வருடம் நான் ஸ்கூலை விட்டேன். யாரும் விடச் சொல்லவில்லை. போகாமல் இருந்தேன், யாரும் ஏன் என்று கேட்கவில்லை.
– அம்மா பெயர் கலா. ஆனால் தேயிலைத் தோட்டத்தில் பிறப்பைப் பதியாமல் விட்டுவிட்டார்கள். அம்மாவின் அக்கா பாக்கியம் சின்ன வயதிலேயே காய்ச்சலில் இறந்தவர். அவருடைய சான்றிதழ் வீட்டில் இருந்தது. ஏஜென்ட் அதை வைத்து எல்லாப் பேப்பரும் செய்தான். வீட்டில் கலா, பாஸ்போட்டில் பாக்கியம்.

அதனால்தான் தேட முடியவில்லை. எந்த ஒபிஸ் ஜன்னலில் போய்க் கேட்டாலும் கலா என்று ஒருவரும் போகவில்லை. பாக்கியம் என்று கேட்டால், "பாக்கியம் உங்களுக்கு யார்?" அப்பா பயந்து திரும்பி வந்துவிடுவார். ஒருமுறை நானும் கூடப் போனேன். வரிசையில் நிற்கும்போதே அப்பா வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்: பாக்கியம், பாக்கியம், பாக்கியம்.

இனி எழுதப் போவது யாருக்கும் தெரியாது. இங்கேயும் ஒரு தடவைதான்.

தைப்பொங்கல் கழிந்து ஒரு வெள்ளி. கடையில் மெஷினில் இருந்தேன். மடியில் போன் அதிர்ந்தது. வீட்டுப் பழைய சிம் இப்போது என்னிடம்தான். 965 என்று தொடங்கும் நம்பர். குவைத். மூன்று தடவை அடித்தது. நான் எடுக்கவில்லை.

நோனா முன்னால் நின்றாள், அது ஒரு காரணம். ஆனால் பின்னால் போய் எடுத்திருக்கலாம். தெரியாத நம்பர் என்றால் எனக்கு வாய் வராது. ஹலோ என்று சொல்வதற்கே மனதுக்குள் பத்துத் தடவை சொல்லிப் பார்க்க வேண்டும். சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நின்றுவிட்டது.

என் போனிலிருந்து வெளிநாட்டுக்குப் போகாது. வட்ஸ்அப்பில் தேடினேன், அந்த நம்பர் இல்லை. பின் அட்டையில் எழுதி வைத்திருக்கிறேன். அப்பாவிடம் சொன்னால் ஏன் எடுக்கவில்லை என்று கேட்பார். அதற்குப் பதில் இல்லை. அதனால் சொல்லவில்லை. இன்று சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று நான்கு மாதம்.

தப்பு நம்பராகவும் இருக்கலாம்.

மே 10, சனி

வெயில். துணி காய்ந்தது.

வ. அக்கா வந்தார். பேராதனை ஆஸ்பத்திரியில் சுத்தம் செய்கிற வேலை. அப்பாவுக்கு இரண்டாம் கல்யாணத்துக்குப் பார்த்திருக்கிற ஆள். அப்பா இன்னும் என்னிடம் அப்படிச் சொல்லவில்லை, "தெரிஞ்சவங்க" என்கிறார். ஒரு போத்தலில் மாங்காய் அச்சாறு கொண்டு வந்தார். கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் எனக்குச் சுலபம். வந்தவுடனே என் செருப்பைப் பார்த்து, "இதத் தச்சா இன்னும் ஒரு வருஷம் ஓடும்டி" என்றார்.

நான் குசினிக்குள், அடுப்படியில். அவர்கள் முன்னால்.

வ. அக்கா: "நான் வரமாட்டேன்னு சொல்லலீங்க. ஆனா அந்தம்மா இருக்காங்களா இல்லையான்னு தெரியாம இந்த வாசப்படிய மிதிக்க மாட்டேன். நாளைக்கு வந்து நின்னா நான் என்ன, விருந்தாளியா?"

அப்பா: "அதுக்குத்தானே போறோம்."

வ. அக்கா: "கோயில் சொன்னாப் போதும் எனக்கு. பேப்பரு கீப்பரெல்லாம் வேணாம்."

அச்சாறு நல்ல உறைப்பு. இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டேன். பிறகு வெட்கமாக இருந்தது.

கொண்டு போக:
வெள்ளைச் சட்டை (எனக்கு)
வேட்டி (அப்பா)
எள் – அத்தை வாங்குவார்
துவாய் 2
அம்மாவின் படம் – அப்பா எடுத்து வைத்தார். நான் அலுமாரியில் திருப்பி வைத்தேன். அப்பா மறுபடி எடுத்து வைத்தார்.

மே 11, ஞாயிறு

கண்டியில் முகில். தம்புள்ளை தாண்டியதும் வெயில், அனல். பஸ்ஸில் வெசாக் கூட்டம். தெருவெல்லாம் வெசாக் விளக்குக் கூடு கட்டுகிறார்கள், மூங்கில், கலர் கடதாசி. பஸ்ஸில் பின்னால் ஒரு பெண் புருஷனிடம்: "கூடு பாக்கக் கூட்டிப் போறேன்னீங்க, கடைசில உங்க அக்காவப் பாக்கத்தான் கூட்டிப் போறீங்க."

தம்புள்ளையில் அப்பா மீன் வைத்த மாலு பண் இரண்டு வாங்கித் தந்தார். ஒன்றைச் சாப்பிட்டேன். மற்றதைக் கடதாசியில் சுற்றி பேக்கின் அடியில் வைத்தேன். அப்போது ஏன் என்று எனக்கே தெரியாது. இல்லை. தெரியும்.

சித்திரைப் பௌர்ணமி விரதம் அம்மா இல்லாதவர்களுக்கு. அப்பா தன் அம்மாவுக்காக ஒவ்வொரு வருடமும் இருப்பார். அன்றைக்கு நான் கண் விழித்தவுடனே அம்மா என் வாயில் எதையாவது வைத்துவிடுவாள், ஒரு துண்டு பாணாவது. முகம் கழுவக்கூட விடமாட்டாள். "தாய் இருக்கிற புள்ள இன்னைக்கு வெறும் வயித்தோட இருக்கப்படாது. தாய்க்கு ஆகாது." போன பிறகும் வருடா வருடம் அந்த நாளில் போனில் முதல் கேள்வி: "சாப்ட்டியா?"

இந்த நான்கு வருடமும் அன்றைக்கு எழும்பியவுடனே சாப்பிட்டேன். அப்பா பார்த்தும் பார்க்காத மாதிரி இருப்பார்.

திருகோணமலை. அத்தை அப்பாவின் அக்கா. தோட்டத்தில் பிறந்து இங்கே கல்யாணம் செய்து இருபது வருடம். பேச்சில் பாதி இந்த ஊர். வந்தவுடன் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். ஊரிலிருந்து வந்த ஆட்களைப் பார்த்து அழுகிற மாதிரி இல்லை, செத்த வீட்டு அழுகை. நான் மரம் மாதிரி நின்றேன்.

மாமா நல்ல பகிடிக்காரர். "என்ன பிள்ள, சத்தத்தக் காணேல்ல? வாய்க்குப் பூட்டுப் போட்டுச் சாவியக் கண்டியில விட்டுட்டு வந்தனீங்களோ?"

அத்தை: "சும்மா இருங்கோ. புள்ளைக்கு என்ன நாளு, என்ன பகிடி."

சாப்பிடும்போது அத்தை விளக்கினார். "ஆம்பளப் புள்ள இருந்தா அவன் செய்வான். நம்ம வீட்டுல நீ ஒருத்தி. நீ தர்ப்பைப் புல்லத் தொட்டு அப்பா கையில குடுக்கணும். குடுத்தாத்தான் அப்பா செய்யலாம். நீ விரதமா இருந்து குடுக்கணும், விளங்குதா? வெறும் வயிறு. தண்ணி மட்டும்."

தலையாட்டினேன்.

"வாயத் தொறந்து சொல்லன்டி."

மறுபடி தலையாட்டினேன்.

நான் கொடுத்தால் அம்மா இல்லை. நான் கொடுக்காவிட்டால் எல்லாரும் ஏன் என்று கேட்பார்கள், அந்த வெள்ளிக்கிழமையைச் சொல்ல வேண்டி வரும். மூன்று தடவை அடித்தது, எடுக்கவில்லை.

மே 12, திங்கள்

இருட்டோடு எழுப்பினார்கள். புழுக்கம். குளிக்கப் போகும்போது துவாய்க்குள் அந்த மாலு பண்ணைக் கொண்டு போனேன். குளியலறையில் பைப்பைத் திறந்துவிட்டுச் சாப்பிட்டேன். பழசாகிக் கல் மாதிரி இருந்தது. உள்ளே மீன் லேசாகப் புளித்திருந்தது. நின்றுகொண்டே, முழுவதும். அழுகை வந்தது, மெல்லுவதை நிறுத்தவில்லை. பிறகு வாய் கொப்பளித்து, கடதாசியை மடித்துப் பேக்கின் அடியில் வைத்தேன். அத்தை வீட்டுக் குப்பையில் போடப் பயம்.

கோட்டை வாசலால் போக வேண்டும். பாதையோரம் மான்கள், ஆட்களுக்குப் பயமில்லை. ஏற்றம். கோயில் மலை உச்சியில், கீழே நேராகக் கடல். சனம். மேளச் சத்தம். சாமியிடம் என்ன கேட்பது என்று தெரியவில்லை. ஒன்றும் கேட்காமல் விபூதி பூசிக்கொண்டேன்.

பிறகு கடற்கரை. ஐயர் மணலில் பாய் விரித்து இருந்தார். எங்களுக்கு முன்னால் ஐந்தாறு குடும்பம். அம்மா இல்லாதவர்களின் வரிசை. முன்னால் நின்ற ஒரு தடித்த அண்ணன் பசி தாங்காமல் கொட்டாவி விட்டுக்கொண்டே இருந்தார். அவருடைய மனைவி: "உங்கட அம்மா பாத்துக்கொண்டு நிக்கிறா, வாய மூடுங்கோ."

அப்போதுதான் கடலைச் சரியாகப் பார்த்தேன். அதற்கு அந்தப் பக்கம் அம்மா இருக்கும் ஊர் என்று நினைத்தேன். மாமாவிடம் கேட்டேன், வந்ததிலிருந்து நான் கேட்ட ஒரே கேள்வி: "குவைத் இந்தப் பக்கமா மாமா?"

"இல்லப் பிள்ள. அது மற்றக் கடல். இது பர்மாப் பக்கம்."

எங்கள் முறை. அத்தை வெயில் தாங்காமல் குடையோடு மேலே போய் நின்றார், மாமாவும். பாயில் ஐயர், அப்பா, நான்.

ஐயர் என்னைப் பார்த்தார். "பிள்ளை விரதமோ?"

தலையாட்டினேன். வாய்க்குள் மீன் வாசம்.

"தர்ப்பையை எடுத்து அப்பாட்டக் குடுங்கோ."

புல் லேசாக இருந்தது. நுனி கையில் குத்தியது. அப்பா கையை நீட்டிக்கொண்டிருந்தார், சீமெந்து வெடித்த கை. கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றேன். ஐயர் மறுபடி, "குடுங்கோ பிள்ள." பின்னால் வரிசையில் யாரோ செருமினார்கள். கொடுத்துவிட்டேன். செருமியதற்காகக் கொடுத்தேன். அவ்வளவுதான் நான்.

ஐயர்: "செத்தவவின்ர பேர்?"

அப்பா: "பாக்கியம்."

நிமிர்ந்து பார்த்தேன். அப்பா என்னைப் பார்க்கவில்லை.

"நட்சத்திரம்?"

"தெரியாதுங்க."

"பரவாயில்ல, இண்டைய திதிக்கே செய்வம்."

மந்திரத்துக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். பாக்கியம் ஐந்து தடவை. கலா ஒரு தடவையும் இல்லை. ஜன்னல் ஜன்னலாகச் சொல்லிப் பழகிய வாய், தன்னையறியாமல் வந்திருக்கும். திருத்த வேண்டியவள் நான். பக்கத்தில் நான்தான் இருக்கிறேன். அப்பா, பேர் தப்பு. மூன்றே சொல். மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் எள்ளும் தண்ணீரும் அப்பாவின் விரலிடுக்கால் இறங்கிவிட்டது. சோற்று உருண்டையை அலை கொண்டு போனது.

எப்போதோ செத்த பெரியம்மாவுக்குப் போயிருக்கும். நான் பார்த்தேயிராத, சின்னப் பிள்ளையாகவே இருக்கிற பெரியம்மா. என்னடா இது, இப்போது எனக்கு யார் சோறு கொடுக்கிறது என்று நினைத்திருப்பார்.

வேட்டி நனைந்து அப்பா வந்தார். முகம் கழுவின மாதிரி இருந்தது. அத்தை ஓடி வந்து, "முடிஞ்சுது, முடிஞ்சுது, இனி அவ நிம்மதியாப் போவா" என்றார். என்னிடம்: "இனி வருஷா வருஷம் இந்த நாளு உனக்கு விரதம். மறந்துடாத." அப்பா கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மத்தியானம் சாம்பார், மூன்று மரக்கறி, பாயசம். அப்பா நன்றாகச் சாப்பிட்டார். நான் பசியாக இருந்த மாதிரி நடித்தேன்.

யோசித்தது: அம்மா இல்லை என்றால், என் மாலு பண்ணாலும் பெயர் தப்பினாலும் அவளுக்கு ஒரு சொட்டுத் தண்ணீரும் போகவில்லை. இருக்கிறாள் என்றால், நான் என் கையாலேயே புல்லைக் கொடுத்தேன். எந்தப் பக்கம் திருப்பினாலும் நான்.

மே 13, செவ்வாய்

திரும்பி வந்தோம். நல்ல வெயில். ஹபரணைக்குக் கிட்ட, வெசாக்குக்குத் தன்சல் என்று தானச் சோறு கொடுக்கிற பொடியன்கள் கொடியோடு பஸ்ஸை மறித்து, எல்லாரையும் இறக்கிச் சோறு கொடுத்தார்கள். "என்ன, என்ன, காலா யண்ட!" வாங்க, சாப்பிட்டுப் போங்க. அப்பா ஒரு தட்டு முடித்து இன்னொரு தட்டு வாங்கினார். ஒரு சிங்கள அம்மா என் தட்டில் இன்னும் பருப்பு ஊற்றி, "கண்ட துவே, கண்ட" என்றார். சாப்பிடு மகளே.

பஸ்ஸில் அப்பா என் தோளில் சாய்ந்து தூங்கினார். அப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை.

வீடு. ஈர வாசம். அச்சாற்றுப் போத்தலில் எறும்பு.

மே 14, புதன்

கடை. பதினான்கு கேட்டன். ஒன்றைத் தலைகீழாகத் தைத்துவிட்டேன், பூவெல்லாம் கீழ்நோக்கி. நோனா பிரிக்கச் சொன்னாள். பிரித்தேன்.

வ. அக்கா அப்பாவுக்குப் போன் பண்ணினார். "நல்லபடியா முடிஞ்சுதுங்க" என்றார் அப்பா. ஞாயிற்றுக்கிழமை வருகிறாராம், வீடு பார்த்துச் சாமான் எங்கே வைப்பது என்று பேச.

மே 15, வியாழன்

எழுத ஒன்றும் இல்லை. மழை.

அம்மாவின் படத்துக்கு அப்பா இன்னும் மாலை போடவில்லை. பேக்கிலேயே இருக்கிறது.

மே 16, வெள்ளி

மழை விட்டுவிட்டு. ஏழு கேட்டன்தான். நாள் முழுக்கச் சொல்லிப் பார்த்தேன். அப்பா, ஒரு விஷயம். அப்பா, ஒரு விஷயம்.

வேலை விட்டு வந்தபோது அப்பா எனக்கு முதலே வந்து, கதவடியில் உட்கார்ந்து என் செருப்பு வாரைத் தைத்துக்கொண்டிருந்தார். சாக்குத் தைக்கிற ஊசி. முகத்தைப் பார்த்துச் சொல்லத் தேவையில்லை, அதுதான் வசதியாகப் போயிற்று.

"அப்பா, ஒரு விஷயம்."

"ம்."

"தைப்பொங்கலுக்குப் பொறகு எனக்குப் போன் வந்துச்சு. குவைத் நம்பர். நான் எடுக்கல."

ஊசி நின்றது. ஏசுவார் என்று நின்றேன்.

"எத்தன தடவ?"

"மூணு."

"எனக்கு ரெண்டு."

விளங்கவில்லை. அப்பா மறுபடி தைக்கத் தொடங்கினார்.

"அதுக்கு முந்தின வெள்ளி. கடையில நின்னேன். சாக்கு எறக்கிட்டிருந்தேன்னு சொல்லலாம். ஆனா கை சும்மாதான் இருந்துச்சு."

அப்பாவுக்கு வ. அக்காவைப் பேசி முடித்தது அதற்கு முந்தியே, மார்கழியில். கணக்குப் பார்க்காமலே தெரிந்தது.

"அதான் பாக்கியம்னு சொன்னீங்களா?"

"கலான்னு சொல்ல வாய் வரல்ல. இருக்கிறவளுக்கு எப்படி எள்ளத் தண்ணிய எறைக்கிறது."

"நான் அன்னைக்குச் சாப்ட்டேன்பா. மாலு பண்."

"தெரியும். பேக்குல கடதாசி கெடந்துச்சு. அத்தை கண்ணுல பட முந்தி எடுத்து வீசிட்டேன்."

ஒரு நிமிடம் இரண்டு பேருக்கும் சிரிப்பு மாதிரி ஏதோ வந்தது. வெளியே வரவில்லை. உள்ளே ஓடி இந்தக் கொப்பியைக் கொண்டு வந்து பின் அட்டையைக் காட்டினேன். அப்பா நம்பரைப் பார்த்தார். தன் போனை எடுத்தார். அதிலும் அதே நம்பர், "சீமெந்து" என்று பெயர் போட்டு வைத்திருந்தார்.

"இப்ப அந்த நம்பருக்கு எடுத்துப் பாப்பமாப்பா? நீங்க பேச வேணாம். நான் பேசுறேன்."

இவ்வளவு நீளமாக நான் அப்பாவிடம் பேசியதில்லை.

அப்பா போனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். திரை அணைந்தது. சட்டைப் பைக்குள் போட்டார். நூலைப் பல்லால் கடித்து, செருப்பை என் பக்கம் தள்ளினார்.

"போட்டுப் பாரு."

போட்டேன். கொஞ்சம் இறுக்கம்.

"ஞாயித்துக்கிழம வசந்தா வருது."

"தெரியும்."

"இது நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும் பாப்பா."

மழை மறுபடி பிடித்தது. தலையாட்டினால் அப்பா பார்த்திருக்கமாட்டார், செருப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அதனால் வாயைத் திறந்து சொன்னேன்.

"சரிப்பா."